நாற்பது வயதுக் கதாநாயகன்

ஒரு பெரியவரிடமிருந்து எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. பெயரும் ஊரும் வேண்டாம். ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. கோபமும் வரி பிசகாமல் நேராகவே இருக்கிறது. விஷயம் இதுதான்: கோடை விடுமுறைக்கு அவருடைய பேத்தி வந்திருக்கிறாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிப்பவள். பெட்டியில் துணிமணிகளைவிடப் புத்தகங்களே அதிகமாம். பெரியவருக்கு முதலில் சந்தோஷம். ஒரு மத்தியானம் அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டியிருக்கிறார். ஏழு நாவல்கள். நாலு தமிழ், மூன்று இங்கிலீஷ். ஏழிலும் கதாநாயகிக்கு இருபதை ஒட்டிய வயது. கதாநாயகனுக்கு 38, 40, ஒன்றில் 42!

'இதென்ன அக்கிரமம்? தகப்பன் வயதுக்காரனைக் காதலிக்கச் சொல்லிக்கொடுக்கும் இந்தக் குப்பைகளை எழுத்தாளர்களாகிய நீங்கள் கண்டிக்க வேண்டாமா?' என்று கேட்டிருக்கிறார். அத்துடன் விட்டிருந்தால் நானும் இரண்டு வரி பதில் போட்டு முடித்திருப்பேன். கடிதத்தின் அடியில் ஒரு பின்குறிப்பு வேறு எழுதியிருக்கிறார்: 'எங்கள் தாயாருக்கும் தகப்பனாருக்கும் பதினேழு வயது வித்தியாசம். ஒரு நாள், ஒரு சொல், எங்கள் தாயார் எதிர்த்துப் பேசியதில்லை. அது குடும்பம்!'

இந்தப் பின்குறிப்புத்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைக்கிறது.

கண்டிக்கிறேன், ஐயா. கண்டிப்பதில் எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. யாரைக் கண்டிப்பது என்பதில்தான் நமக்குள் ஒத்துவராது என்று தோன்றுகிறது.

முதலில் அந்த நாற்பது வயதுக்காரனைப் பார்த்துவிடுவோம். நாவல் வாசிக்கிறவர்களில் அவனைச் சந்திக்காதவர்கள் இருக்க முடியாது. அவனுக்குக் காதோரம் மட்டும் நரைத்திருக்கும். உச்சியில் வழுக்கை விழுந்திராது. மலைமேல் எஸ்டேட் இருக்கும், அல்லது கோயமுத்தூர்ப் பக்கம் மில் இருக்கும். முதல் மனைவி காலமாகியிருப்பாள். என்ன வியாதியில் என்று கதையில் வராது. ஒரு குழந்தை உண்டு. அதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்கவோ, அவன் கம்பெனியில் கணக்கு எழுதவோ கதாநாயகி வந்து சேருவாள். வந்த அன்றே அவளை அதட்டுவான். இருநூறு பக்கத்துக்கு அதட்டிக்கொண்டே இருப்பான். வயது நாற்பது என்றுதான் பெயர். மாடிப்படி ஏறினால் அவனுக்கு மூச்சு வாங்காது. பொடி எழுத்தைப் படிக்கக் கண்ணாடியைத் தேடமாட்டான். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரை விழுங்கமாட்டான். எனக்கும் நாற்பது தாண்டிவிட்டது. இந்த மூன்றும் எனக்கு உண்டு. ஆகையால் அனுபவத்தில் சொல்லுகிறேன்: அவன் நாற்பது வயதுக்காரனே அல்ல. நாற்பது வயதுக்காரனின் சொத்தையும் நிதானத்தையும் இரவல் வாங்கிக்கொண்ட இருபத்தெட்டு வயதுப் பையன்.

இவனை நம் ஊரில் உற்பத்தி செய்ததாகவும் நினைக்க வேண்டாம். 1847-இல் ஷார்லட் பிராண்டி எழுதிய 'ஜேன் அயர்' நாவலில் பெரிய பங்களாவின் சொந்தக்காரனாக, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, வீட்டில் வளரும் சிறுமிக்குப் பாடம் சொல்ல வந்த பதினெட்டு வயதுப் பெண்ணின் முன்னால் வந்து நின்ற ராச்செஸ்டர்தான் இந்த வம்சத்துக்கு மூலபுருஷன். அவளைவிட ஏறக்குறைய இருபது வயது பெரியவன். 1908-இல் லண்டனில் மில்ஸ், பூன் என்ற இருவர் ஒரு பதிப்பகம் தொடங்கினார்கள். 1930-களில் அது காதல் கதைகளையே முழு வியாபாரமாக்கிக்கொண்டு, வாடகை நூல் நிலையங்கள் மூலமாக அவன் வம்சத்தாரை வீட்டுக்கு வீடு அனுப்பிவைத்தது. பிற்பாடு அவர்கள் கப்பலேறி நம் ரயில் நிலையப் புத்தகக் கடைக்கும், பஸ் ஸ்டாண்டுக் கடையில் கயிற்றில் தொங்கும் மாத நாவலுக்கும் வந்து சேர்ந்தார்கள்.

சரி, இதைக் கோடையில் ஏன் இத்தனை பேர் படிக்கிறார்கள்?

வெள்ளைக்காரர்களிடம் கேட்டால் கடற்கரையில் வெயில் காய்ந்துகொண்டு படிக்க லேசான புத்தகம் வேண்டும் என்பார்கள். நமக்கு வெயிலில் காயவேண்டிய அவசியம் இல்லை, வீட்டுக்குள்ளேயே வறுபடுகிறோம். பரீட்சை முடிந்துவிட்டது. மத்தியானம் இரண்டு மணி. ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியின் கீழே பாயைப் போட்டுப் படுத்தால் மூளை கனமான எதையும் ஏற்றுக்கொள்ளாது. இது ஒரு காரணம். ஆனால் இது மட்டுமே காரணமானால் துப்பறியும் கதை படிக்கலாம், பேய்க் கதை படிக்கலாம்.

இன்னொரு காரணம் நம் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் நம் வீடுகளுக்கு மாம்பழம் மட்டும் வருவதில்லை, ஜாதகமும் வருகிறது. தரகர் செய்த வேலையை இன்று கம்ப்யூட்டர் செய்கிறது. அதைத் தவிரக் காட்சி மாறவில்லை. கூடத்தில் பெரியவர்கள் உட்கார்ந்து, பையனுக்கு என்ன சம்பளம், எத்தனை பொருத்தம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். உள் அறையில் பாயில் படுத்தபடி ஒரு பெண் நாவல் படித்துக்கொண்டிருக்கிறாள். கூடத்தில் பேச்சு முழுவதும் அவளைப் பற்றித்தான். அவளோடு பேசுவோர்தாம் யாரும் இல்லை.

இந்த இடத்தில் என் சின்னப் பாட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாட்டியின் தங்கை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 1918-இல் பிறந்தவள். 1929-இல் சாரதா சட்டம் நிறைவேறியது. பெண்ணுக்குப் பதினாலும் ஆணுக்குப் பதினெட்டும் நிரம்பாமல் கல்யாணம் கூடாது, 1930 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமல் என்று சட்டம். 'அதற்கு முன்னால் முடித்துவிடு' என்று ஊருக்கு ஊர் அவசரக் கல்யாணங்கள் நடந்தன. 1930 மாசியில் நடந்த அப்படியொரு முகூர்த்தத்தில் சின்னப் பாட்டியை மணையில் உட்கார்த்தினார்கள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. மாப்பிள்ளைக்கு 36, மனைவியை இழந்தவர், ஒன்பது வயதில் ஒரு பிள்ளை. கல்யாணத்தைப் பற்றி அவளுக்கு ஞாபகம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். கடைவாய்ப் பால் பல் ஒன்று அன்றைக்கு ஆடிக்கொண்டிருந்ததாம். தாலி ஏறும்போது அதை நாக்கால் நெம்பிக்கொண்டே இருந்தாளாம்.

அவர் கெட்டவர் இல்லை என்று சின்னப் பாட்டி எப்போதும் சொல்லுவாள். அடித்ததில்லை. சந்தைக்குப் போனால் மிட்டாய் வாங்கி வருவார், மகனுக்கு ஒரு பொட்டலம், இவளுக்கு ஒரு பொட்டலம். அந்த மகன்தான் சிலேட்டில் எழுதிக்காட்டி இவளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தான். 1947-இல் அவர் காலமானபோது இவளுக்கு வயது 29. அதற்கப்புறம் ஐம்பத்து நாலு வருஷம் உயிரோடு இருந்தாள். அத்தனை வருஷமும் அவளுக்குத் துணை, பத்திரிகைகளிலிருந்து கிழித்துத் தைத்து பைண்டு செய்த தொடர்கதைகள்.

1998 கோடையில் நான் கல்லூரி மாணவன். சின்னப் பாட்டிக்குக் கண்ணில் புரை. புத்தகத்தை நான் வாசிக்க, அவள் ஊஞ்சலில் சாய்ந்துகொண்டு கேட்பாள். அவள் விரும்பிக் கேட்ட கதைகளில் பாதிக்கு மேல் இந்த நாற்பது வயதுக்காரன் கதைகள்! எனக்குத் தாங்கவில்லை. அந்த வயதில் எனக்குச் சமூகக் கோபம் அதிகம். "உனக்கு இதைக் கேட்க எரிச்சலாக இல்லையா, பாட்டி? உன் தலையில் கட்டியதும் இப்படி ஒருத்தரைத்தானே?" என்று கேட்டுவிட்டேன்.

சின்னப் பாட்டி சிரித்தாள். "போடா அசடு. வயசு கெடக்கு. இவன் கடைசியில வந்து கேக்கறான் பாரு, 'உனக்குச் சம்மதமா'ன்னு, அந்த எடம் வரட்டும்னுதான் நானும் காத்துண்டிருக்கேன். என்னை யாருடா கேட்டா? சும்மா நிறுத்தாம மேலே படி."

கால் நூற்றாண்டாக நான் பல விமர்சகர்களைப் படித்திருக்கிறேன். இந்த ஜாதி நாவலின் ரகசியத்தை இவ்வளவு சுருக்கமாக ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

யோசித்துப் பாருங்கள். கூடப் படிக்கிற பையன் கேட்கிறான், கைபேசியில் தினம் நாலு தடவை கேட்கிறான். அதில் அதிசயம் இல்லை. அவனும் அவளும் ஒரே படியில் நிற்கிறவர்கள். ஆனால் யார் முன்னால் தலை குனிந்து நிற்கவேண்டும் என்று அவளைப் பழக்கியிருக்கிறோமோ, யார் முடிவு செய்தால் மறுபேச்சு இல்லை என்று சொல்லி வளர்த்திருக்கிறோமோ, அந்த வயதிலும் அந்த ஸ்தானத்திலும் இருக்கும் ஒருவன் படியிறங்கி வந்து, தொண்டை அடைக்க, 'உன் விருப்பம் என்ன?' என்கிறான். அவன் எவ்வளவு உயரத்தில் இருந்தானோ அவ்வளவு பெரிது அந்த இறக்கம். அதற்காகத்தான் ஆசிரியன் அவனுக்கு நாற்பது வயதைக் கொடுக்கிறான், எஸ்டேட்டைக் கொடுக்கிறான், கடுகடுப்பைக் கொடுக்கிறான். வாசகியும் அந்தக் கடைசி இரண்டு பக்கத்துக்காக இருநூறு பக்கம் அதட்டலைப் பொறுத்துக்கொள்கிறாள்.

ஆகவே, ஐயா, உங்கள் பேத்தி தகப்பன் வயதுக்காரனைத் தேடுகிறாள் என்று பயப்படாதீர்கள். தகப்பன் வயதுக்காரர் ஒருவராவது தன்னை ஒரு வார்த்தை கேட்கமாட்டாரா என்றுதான் தேடுகிறாளோ என்னவோ! உங்கள் தாயார் ஒரு சொல் எதிர்த்துப் பேசியதில்லை என்று பெருமைப்படுகிறீர்கள். அவரை யாரேனும் ஒரு சொல் கேட்டதுண்டா? பதினேழு வயது வித்தியாசம் வீட்டில் நடந்தால் குடும்பம். புத்தகத்தில் வந்தால் அக்கிரமம். இந்த நியாயம் எனக்கு விளங்கவில்லை.

பெரியவர்மேல் என் கண்டனம் இவ்வளவுதான். அடுத்த கண்டனம் எங்கள்மேல், எழுதுகிறவர்கள்மேல். அது இன்னும் கடுமையானது.

'உனக்குச் சம்மதமா' என்று கேட்டதோடு நாங்கள் கதையை முடித்துவிடுகிறோம். அங்கே முடிப்பதுதான் மோசடி. கேட்பது என்றால் என்ன? எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். 'இல்லை' என்று சொல்ல அவளுக்கு வழி இருக்கும்போது கேட்க வேண்டும். ஒரு நாள் கேட்டதோடு நிற்காமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பழைய ஆசிரியர்களுக்கு இது தெரிந்திருந்தது.

ராச்செஸ்டர் ஜேனை இரண்டு முறை கேட்கிறான். முதல் முறை, பைத்தியம் பிடித்த மனைவியை அதே வீட்டு மாடியில் பூட்டி வைத்துக்கொண்டு, அதை மறைத்துக் கேட்கிறான். அவளும் சம்மதிக்கிறாள். கல்யாணம் மாதாகோயில் வரை போய் நின்றுபோகிறது. அவள் வீட்டைவிட்டே போய்விடுகிறாள். இரண்டாம் முறை அவன் கேட்கும்போது வீடு எரிந்து போயிருக்கிறது, ஒரு கை போயிருக்கிறது, பார்வை இல்லை. அவளுக்கோ சிற்றப்பன் சொத்து 20,000 பவுன் வந்து, அதைத் தன் உறவினர் மூவரோடு நாலு பங்காகப் பிரித்துக்கொண்டு, சொந்தக் காலில் நிற்கிறாள். இனி அவனை விட்டால் அவளுக்குக் கதியில்லை என்ற நிலை இல்லை. அதன் பிறகுதான் ஷார்லட் பிராண்டி அந்தக் கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறாள். அந்த விலையை வாங்காமல் விடவில்லை!

ஜேன் ஆஸ்டின் 1815-இல் வெளியிட்ட 'எம்மா'வில் நாயகிக்கு 21 நெருங்குகிறது. நைட்லிக்கு முப்பத்தேழோ எட்டோ. அவனும் அறிவுரை சொல்லுகிற பேர்வழிதான். ஆனால் எம்மாவுக்கு நோயாளித் தகப்பன். அவரைத் தனியே விட்டு வரமுடியாது. நைட்லி என்ன செய்கிறான்? நிலமும் மாளிகையும் உள்ள அந்தப் பெரிய மனிதன், தன் வீட்டைவிட்டு அவள் வீட்டுக்குக் குடிவருகிறான். நம் எஸ்டேட் முதலாளிகளில் ஒருவனாவது மாமனார் வீட்டுக்குப் பெட்டி படுக்கையோடு வந்து சேர்ந்ததுண்டா?

கேட்டால் மட்டும் போதாது என்பதற்கு ஜார்ஜ் எலியட் 1871-72-இல் எழுதிய 'மிடில்மார்ச்' இருக்கிறது. டொரோதியாவுக்கு இருபது நிரம்பவில்லை. பண்டிதர் கஸாபனுக்கு நாற்பத்தைந்துக்கு மேல். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அவர் முறையாகக் கடிதம் எழுதிக் கேட்கிறார்; அவள் ஆனந்தத்தோடு சம்மதிக்கிறாள். நம் மாத நாவல் அங்கே 'சுபம்' போட்டிருக்கும். எலியட் அம்மையார் அங்கேதான் கதையை ஆரம்பிக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் அவளைக் கேட்பது நின்றுவிடுகிறது. சாகப்போகும் தறுவாயில் ஒன்று கேட்கிறார்: 'நான் இறந்த பிறகும் என் இஷ்டப்படி நடப்பதாக வாக்குக் கொடு.' என்ன இஷ்டம் என்று சொல்லவில்லை! காலையில் பதில் சொல்வதாக அவள் தவணை வாங்குகிறாள். பதிலைக் கேட்காமலே மனிதர் தோட்டத்தில் உட்கார்ந்தபடி இறந்துபோகிறார்.

நம் நாட்டுக் கதை வேண்டுமானால் பிரேம்சந்தின் 'நிர்மலா' உண்டு. 1925-26-இல் 'சாந்த்' என்ற ஹிந்திப் பத்திரிகையில் தொடராக வந்தது. தகப்பன் இறந்து, வரதட்சணைக்கு வழியில்லாமல், சிறுபெண் நிர்மலாவை மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பனான வக்கீல் தோதாராமுக்குக் கட்டிவைக்கிறார்கள். மூத்த பிள்ளைக்கு ஏறக்குறைய அவள் வயது. வக்கீல் இளமை வேஷம் போட்டுப் பார்க்கிறார்; கத்தியோடு வந்த திருடர்களைத் தடியால் விரட்டியதாக வீரப்பிரதாபம் அளக்கிறார். ஒன்றும் பலிக்காமல் சந்தேகம் பிறக்கிறது. மூத்த பிள்ளையை விடுதிக்கு அனுப்புகிறார். அவன் நோயில் விழுந்து சாகிறான். அந்தக் குடும்பமே சிதறிப்போகிறது. நிர்மலாவை ஆரம்பத்தில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விளைவு அத்தனையும் அதிலிருந்து வந்தது.

இவையெல்லாம் வயது வித்தியாசக் கதைகள்தாம். இவற்றை எழுதியவர்கள் வயதைக் கண்டு ஓடவில்லை. நாங்கள் ஓடுகிறோம்.

'நாங்கள்' என்று மரியாதைக்குச் சொல்லவில்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் நானே அப்படி ஒரு கோடைத் தொடர்கதை எழுதினேன். அவனுக்கு 41, அவளுக்கு 22, தேயிலை எஸ்டேட், எல்லாம் வழக்கம்போல. ஒன்பதாவது அத்தியாயத்தில் அவளைத் தனியே உட்கார்த்தி ஒரு கணக்குப் போட வைத்திருந்தேன். 'எனக்கு நாற்பத்தொன்று ஆகும்போது அவருக்கு அறுபது. எனக்கு ஐம்பத்தாறு ஆகும்போது அவருக்கு எழுபத்தைந்து. அப்புறம்?' அவ்வளவுதான், பத்து வரி இருக்கும். பத்திரிகாசிரியர் டெலிபோன் செய்தார். "அந்தக் கணக்கை எடுத்துவிடுங்கள், சார். கோடைக்குக் குளுகுளு என்று கேட்டால் ஆஸ்பத்திரி வாசனை அடிக்கிறது" என்றார். நான் எடுத்துவிட்டேன். விவாதம்கூடப் பண்ணவில்லை. என் புத்தகங்களில் அதிகம் விற்றது அதுதான்.

அந்தப் பத்து வரியை எடுத்ததன் மூலம் நான் என்ன செய்தேன்? என் கதாநாயகி அதைத் தெரிந்துகொண்டே சம்மதித்திருக்கலாம். எத்தனையோ பெண்கள் தெரிந்து சம்மதித்து நன்றாகவும் வாழ்ந்திருக்கிறார்கள். நான் அவளுக்கு அந்தக் கணக்கை மறைத்தேன். ராச்செஸ்டர் மாடி அறையைப் பூட்டி வைத்தானே, அதே காரியம். அத்துடன், இருநூறு பக்கம் அதட்டினால் அதற்குள் அன்பு ஒளிந்திருக்கிறது என்றும் நம்பவைத்தேன். வயது வித்தியாசத்தைவிட இதுதான் பெரிய விஷம். நிஜ வாழ்க்கையில் அதட்டுகிறவன் இருநூற்றோராவது பக்கத்திலும் அதட்டத்தான் செய்வான். பெரியவர் அந்த ஏழு புத்தகங்களிலும் வயதைக் கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறார். அதட்டலைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அது அவருக்குத் தவறாகப் படவில்லை போலும்.

இந்தத் தொழிலில் இருக்கும் என் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நாற்பது வயதுக்காரனை எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். ஆனால் அவனுக்கு நாற்பது வயதையும் முழுசாகக் கொடுத்துவிடுங்கள். கண்ணாடியைத் தேடட்டும். முதல் மனைவி எப்படி இறந்தாள் என்று சொல்லட்டும். அவனிடம் வேலை பார்க்கிற பெண்ணை, அந்த வேலை போனாலும் பிழைத்துக்கொள்வாள் என்ற நிலையில் நிறுத்திவிட்டு அப்புறம் கேட்கச் சொல்லுங்கள். அப்போதும் அவள் சம்மதித்தால் அது காதல்தான். கோடையானாலும் சரி, மார்கழியானாலும் சரி, நான் படிக்கிறேன். நான் வெட்டிய பத்து வரியை அடுத்த பதிப்பில் சேர்த்துவிடச் சொல்லிப் பதிப்பாளருக்கு எழுதிவிட்டேன். விற்பனை குறைந்தால் குறையட்டும்.

பெரியவருக்கு என் பதில்: அந்த ஏழு புத்தகங்களையும் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். பிடுங்கினால் எட்டாவதை ஒளித்துவைத்துப் படிப்பாள். என் சின்னப் பாட்டி அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்துப் படித்தவள்தான். முடிந்தால் நீங்களே ஒன்றை முழுதும் படியுங்கள். கடைசி இரண்டு பக்கத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். வைகாசி பிறந்து கூடத்துக்கு ஜாதகம் வந்தால், சம்பளமும் பொருத்தமும் பார்க்குமுன், ஒரு மத்தியானம் பேத்தி விழித்திருக்கும்போது உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, 'உன் விருப்பம் என்னம்மா?' என்று கேளுங்கள். 'இப்போது வேண்டாம்' என்று அவள் சொன்னால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேட்டுவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். பின்குறிப்பு இல்லாமல் எழுதினால் சந்தோஷப்படுவேன்.